போக்கரில் ஒரு நாள் முடிவும் ஒரு லட்சம் கை முடிவும்: வேரியன்ஸை நோட்டில் எழுதிப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

இங்கே போக்கர் என்பது நோ-லிமிட் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில், கையிருப்பு உள்ளவரை எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். எல்லாரும் கட்டியது நடுவில் சேரும் குவியல்தான் பாட். ஒருமுறை சீட்டுப் போட்டதிலிருந்து பாட் யாருக்காவது போய்ச் சேரும்வரை ஒரு கை. கைக்குக் கை முடிவு சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்பதே வேரியன்ஸ். பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்று படித்தது இதைத்தான். அதன் வர்க்கமூலம் திட்டவிலக்கம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். நாலு ஞாயிறு ஆடுவார்கள், கூட்டிப் பார்ப்பார்கள், லாபமாக இருந்தால் ‘எனக்கு ஆட்டம் வந்துவிட்டது’ என்பார்கள். சிதறல் எவ்வளவு பெரியது என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு எழுதத் தொடங்கி, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் லாப நட்டத்தைப் பார்க்க வேண்டும். கீழே உள்ளது அந்த வரிசைதான்.

1. உட்காருவதற்கு முன் வேண்டியவை

52 சீட்டுள்ள ஒரு கட்டு. ரம்மிக் கட்டாக இருந்தால் ஜோக்கர்களை எடுத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கிடைக்கும் காகிதக் கட்டு விலை குறைவுதான். ஆனால் கடற்கரை ஊர் ஈரக்காற்றில் இரண்டே வாரத்தில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் கலையாது, கலையாவிட்டால் நீங்கள் அளப்பது வேரியன்ஸாக இருக்காது. பிளாஸ்டிக் சீட்டு வாங்குவது மேல்.

இரண்டு பாதியாகப் பிரித்து விரலால் சரசரவென்று கோத்துக் கலைப்பவர்கள் ஏழு முறை கலைக்க வேண்டும். அது வராதவர்கள் பாயில் எல்லாச் சீட்டையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் அளைந்து சேர்த்தால் போதும். கட்டின் மேலிருந்து கொத்துக் கொத்தாகத் தள்ளும் நம் ஊர்ப் பழக்கம் போக்கருக்குப் போதாது. முந்தின கையில் சேர்ந்திருந்த சீட்டுகள் சேர்ந்தே திரும்ப வரும்.

பந்தயம் கட்டும் சிப்ஸுக்குப் பதிலாகப் புளியங்கொட்டையும் முந்திரிக்கொட்டையும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகப் போடும் தொகைதான் பிளைண்ட்; சின்னது ஸ்மால், பெரியது பிக். ஒரு புளியங்கொட்டை ஒரு ஸ்மால் பிளைண்ட், இரண்டு சேர்ந்தால் ஒரு பிக் பிளைண்ட். ஒரு முந்திரிக்கொட்டை 20 புளியங்கொட்டைக்குச் சமம். ஆளுக்கு 40 புளியும் 8 முந்திரியும் கொடுத்தால் சரியாக 100 பிக் பிளைண்ட். ஆறு பேருக்கு 240 புளி, 48 முந்திரி வேண்டும், தோற்றவர் மறுபடி வாங்க இன்னொரு பங்கு. முந்திரி ஓட்டோடு இருக்கட்டும். வறுத்த பருப்பை வைத்தால் இரண்டாவது மணி நேரத்தில் பாட் குறையத் தொடங்கும்.

பணம் வேண்டாம். இணையத்தில் காசு கட்டி ஆடும் ஆட்டங்களை, திறமை ஆட்டமாக இருந்தாலும், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அது புதுச்சேரிக்கும் பொருந்தும். கடலூர்ப் பக்கம் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு: காசு போனவர் நோட்டில் உண்மையை எழுதுவதில்லை.

இவை போக, ஒரு நீளமான கணக்கு நோட்டு, கிராஃப் தாள், வர்க்கமூலம் போடும் கால்குலேட்டர், மூடியுள்ள ஒரு டப்பா.

2. சீட்டைத் தொடுமுன் துண்டுச்சீட்டுச் சோதனை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல் நிற்கின்றன.

ஒரே தாளில் 20 துண்டு வெட்டி, 11-இல் ‘வெற்றி’, 9-இல் ‘தோல்வி’ என்று எழுதி ஒரே மாதிரி மடித்து டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுங்கள். வெற்றி என்றால் +1, தோல்வி என்றால் −1. குறித்துவிட்டு, மடித்து, டப்பாவிலேயே திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 100 முறை. ஒவ்வொரு முறையும் வரும் கூட்டுத்தொகையைக் கிராஃபில் புள்ளியாக வைத்துக் கோடு இழுங்கள்.

எடுத்த துண்டைத் திரும்பப் போட மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. திரும்பப் போடாவிட்டால் 20 முறையில் சரியாக 11 வெற்றி, 9 தோல்வி வந்து கணக்கு நேராகிவிடும். ‘இன்று தோற்றால் நாளை வரும்’ என்று நம்புகிறவரின் மனதில் ஓடுவது திரும்பப் போடாத டப்பாதான். போக்கர் மேசை ஒவ்வொரு கைக்கும் எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டுக் கலைக்கிறது. போன கையில் என்ன நடந்தது என்பது கட்டுக்குத் தெரியாது.

இந்த டப்பாவில் உங்கள் நிகழ்தகவு 55-க்கு 45. போக்கரில் ராணி ஜோடியோடு ஏஸ்-ராஜாவை எதிர்கொள்வதற்குப் பக்கத்தில் வரும் சாதகம். 100 முறைக்கு எதிர்பார்ப்பு +10. திட்டவிலக்கமும் ஏறக்குறைய 10. எதிர்பார்க்கும் லாபமும் சிதறலும் ஒரே அளவு!

முதல் 20 முறை முடிந்ததும் நிறுத்திப் பாருங்கள். அந்த இடத்தில் நட்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு நாலில் ஒன்று. 100 முடிந்த பிறகும் நட்டத்தில் இருக்க வாய்ப்பு 13 சதவீதத்துக்கு மேல். ஆறு பேரும் தனித்தனியாகச் செய்தால், குறைந்தது ஒருவராவது நட்டத்தில் முடிக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, டப்பாவில் கையைத்தான் விட்டார்.

கோட்டில் மிக உயர்ந்த புள்ளியையும், அதற்குப் பின் வந்த மிகத் தாழ்ந்த புள்ளியையும் வட்டமிடுங்கள். இரண்டுக்கும் இடையிலான ஆழத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஜெயிக்கிறவருக்கும் வரும் இறக்கம் அது. ஆறு பேரின் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் இன்னும் நல்லது. ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்று வெளியாள் நம்பமாட்டார்.

3. எல்லாவற்றையும் பிக் பிளைண்டில் எழுதுங்கள்

பிளைண்ட் அளவு மாறினால் கொட்டைக் கணக்கு ஒன்றோடொன்று ஒட்டாது. 40 கொட்டை நட்டம் என்பது ஒரு மேசையில் 20 பிக் பிளைண்ட், பிளைண்டை இரட்டிப்பாக்கிய மேசையில் 10. ரம்மியிலிருந்து வருகிறவர்கள் பாயிண்ட் எண்ணிப் பழகியவர்கள், இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

4. மேசையில் எழுத வேண்டிய பத்திகள்

தேதி, ஆடிய கைகளின் எண்ணிக்கை, அன்றைய முடிவு: ஆளுக்கு இந்த மூன்றும் போதும். கை எண்ணிக்கைக்கு, டீலர் ஒவ்வொரு கைக்கும் ஒரு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே வெட்டட்டும். புதியவர்கள் இருக்கும் மேசையில் மணிக்கு 25 கை போனாலே நல்ல வேகம். மதியம் இரண்டிலிருந்து ஆறுவரை 100 கை.

எழுந்திருக்குமுன் ஆறு பேரின் முடிவையும் கூட்டுங்கள். மேசைக் கட்டணம் இல்லாத ஆட்டத்தில் கூட்டுத்தொகை பூஜ்யம்தான் வர வேண்டும். வராவிட்டால் யாரோ மறுபடி வாங்கிய 100-ஐ எழுத மறந்திருக்கிறார், அல்லது பாயின் அடியில் முந்திரி கிடக்கிறது. அன்றே தேடிக் கண்டுபிடியுங்கள். அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

‘அன்று தலைவலி, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்’ என்று ஒரு நாளை விட்டுவிட்டால் நோட்டே பயனற்றது. விட்டுப்போகும் நாள் எப்போதும் தோற்ற நாளாகத்தான் இருக்கிறது.

5. ஆல்-இன்னுக்கு இரண்டு பத்தி: ‘வரவேண்டியது’, ‘வந்தது’

வழிகாட்டியில் கொஞ்சம் கடினமான இடம் இது. பொறுமையாகப் போங்கள்.

ரிவர் சீட்டு (மேசையில் விழும் ஐந்தாவது, கடைசிப் பொதுச்சீட்டு) விழுவதற்கு முன்பே இருவரும் ஆல்-இன் போய், அதாவது முன்னால் உள்ளதையெல்லாம் உள்ளே போட்டு, சீட்டைக் காட்டிவிட்டால், அதற்குமேல் யாருக்கும் முடிவெடுக்க எதுவும் இல்லை. மீதி முழுக்க அதிர்ஷ்டம். அந்த இடத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எண்ணி எழுதலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உங்கள் கையில் இஸ்பேட் ராஜா, டைமன் ராணி. எதிராளியிடம் ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் எட்டு. மேசையில் கிளாவர் ராஜா, ஆட்டின் ஒன்பது, ஆட்டின் நாலு, இஸ்பேட் இரண்டு. இருவரும் ஆளுக்கு 60 பிக் பிளைண்ட் உள்ளே போட்டிருக்கிறீர்கள், பாட் 120.

தெரிந்த சீட்டு 8, மீதி 44. ஆட்டின் 13-இல் நாலு வெளியே இருப்பதால் 9 பாக்கி. அந்த 9-இல் ஒன்று விழுந்தால் எதிராளிக்கு ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு; அது ஜோடியை வெல்லும். ஜாக்கியோ எட்டோ விழுந்து அவருக்கு ஜோடி சேர்ந்தாலும் உங்கள் ராஜா ஜோடியைத் தாண்டாது. ஆக 44-இல் 35 சீட்டு உங்களுக்கு: 79.5 சதவீதம்.

120-இல் உங்கள் பங்கு 95.5. போட்டது 60. ‘வரவேண்டியது’ பத்தியில் +35.5 என்று எழுதுங்கள். இதை ரிவர் சீட்டைத் திருப்புவதற்கு முன் எழுத வேண்டும். திருப்பிய பிறகு எழுதினால் கை தானாகச் சாயும். எதிராளிக்கு இன்னும் இரண்டு சீட்டு உதவியிருக்கும் என்றோ, உதவியிருக்காது என்றோ தோன்றத் தொடங்கும்.

ஆட்டின் விழுந்தால் ‘வந்தது’ −60. இரண்டுக்கும் வித்தியாசம் 95.5. அன்றைய நட்டத்தில் அவ்வளவும் உங்கள் ஆட்டத்தின் மேல் எழுத வேண்டியதல்ல. விழாவிட்டால் ‘வந்தது’ +60. அதில் 24.5 நீங்கள் சம்பாதிக்காதது. இந்த இரண்டாவது பாதியை எழுத யாருக்கும் மனசு வருவதில்லை. தோற்ற ஆல்-இன்களை மட்டும் எழுதி வைத்திருக்கும் நோட்டுகள் நிறைய.

ஃப்ளாப்புக்கு முன், அதாவது மேசையில் முதல் மூன்று பொதுச்சீட்டு விழுமுன், நடக்கும் ஆல்-இன்னை இப்படி விரல்விட்டு எண்ண முடியாது. சில எண்களை அட்டையின் உள்பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஏஸ் ஜோடிக்கு எதிரே ராஜா ஜோடி: 82-க்கு 18. ராணி ஜோடிக்கு எதிரே வெவ்வேறு இனத்து ஏஸ்-ராஜா: 57-க்கு 43. ஏஸ் ஜோடியோடு ஐந்து முறை ராஜா ஜோடியைச் சந்தித்தால், அதில் இரண்டு முறையோ அதற்கு மேலோ தோற்க 22 சதவீத வாய்ப்பு உண்டு. அதைச் ‘சதி’ என்பவர்கள் 82-ஐ 100 என்று படிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பத்தி ஆல்-இன்னுக்குப் பிந்தின அதிர்ஷ்டத்தை மட்டும்தான் கழிக்கிறது. ஏஸ் ஜோடி யாருக்கு வந்தது, ராஜா ஜோடி யாருக்கு வந்தது என்பதும் அதிர்ஷ்டம்தான், அது இதில் அடங்காது. ஆகவே ‘வரவேண்டியது’ கூட்டுத்தொகை லாபமாக இருப்பதை வைத்து உங்களை ஜெயிக்கிறவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

6. திட்டவிலக்கத்தைக் கணக்கிடுங்கள்

100 கை ஒரு தொகுதி. ஐந்து தொகுதியின் முடிவு இப்படி என்று வையுங்கள்: +120, −80, −60, +150, −30. கூட்டினால் 100, சராசரி 20.

ஒவ்வொன்றிலிருந்தும் 20-ஐக் கழித்தால் 100, −100, −80, 130, −50. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 45,800. இதை 5-ஆல் அல்ல, 4-ஆல் வகுக்க வேண்டும். பள்ளியில் எண்ணிக்கையாலேயே வகுத்துப் பழகியிருப்பீர்கள், ஆனால் கொஞ்சம் ஆட்டத்தை வைத்து முழு ஆட்டத்தையும் மதிப்பிடும்போது ஒன்று குறைத்து வகுக்கிறோம். 11,450 வரும், வர்க்கமூலம் 107.

ஆறு பேர் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெமில் 100 கைக்கு 80 முதல் 100 பிக் பிளைண்ட் என்பது வழக்கமான அளவு. ஐந்தே தொகுதியில் 107 வந்ததில் வியப்பில்லை. உங்களுடையது தெரியும்வரை 90 என்று வைத்துக்கொள்ளலாம்.

சராசரி 20 என்றதும் சந்தோஷப்படுமுன் இன்னொரு வகுத்தல் பாக்கி. 107-ஐ 5-இன் வர்க்கமூலத்தால், அதாவது 2.24-ஆல் வகுத்தால் 48. சராசரிக்கு இருபுறமும் இதைப் போல் இரண்டு மடங்காவது இடம் விட வேண்டும். நீங்கள் ஜெயிக்கும் உண்மையான வேகம் 100 கைக்கு −76-லிருந்து +116 வரை எங்கேயும் இருக்கலாம். தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை என்பதுதான் இந்த ஐந்து ஞாயிறுகளின் தகவல்.

7. ‘நீண்ட காலம்’ என்றால் எத்தனை கை?

எதிர்பார்ப்பு கைகளின் எண்ணிக்கையோடு நேராக வளர்கிறது. சிதறல் அதன் வர்க்கமூலத்தோடுதான் வளர்கிறது. 100 மடங்கு அதிகம் ஆடினால் எதிர்பார்ப்பு 100 மடங்கு, சிதறல் 10 மடங்கு. ஒன்று மற்றதைத் தாண்டிப் போவது இதனால்தான், அதிர்ஷ்டம் திரும்பி வந்து சமன் செய்வதால் அல்ல. கெட்ட அதிர்ஷ்டத்தின் மொத்தத் தொகை ஆட ஆட பெரிதாகவே போகலாம், கைக்கு இவ்வளவு என்று பார்க்கும்போதுதான் அது சுருங்குகிறது.

100 கைக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கும் நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம், திட்டவிலக்கம் 90. 1,000 கையில் எதிர்பார்ப்பு 50, சிதறல் 285. நட்டத்தில் முடிக்க 43 சதவீத வாய்ப்பு. கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். 10,000 கையில் 500-க்கு 900; நட்ட வாய்ப்பு 29 சதவீதம். 50,000 கையில் 11 சதவீதத்துக்கு இறங்குகிறது, 1,00,000 கையில் 4 சதவீதத்துக்கு.

இதே ஆட்டக்காரர் 5-க்குப் பதில் 2 பிக் பிளைண்ட் மட்டும் ஜெயிப்பவராக இருந்தால், ஒரு லட்சம் கைக்குப் பிறகும் நட்டத்தில் இருக்க 24 சதவீத வாய்ப்பு. சாதகம் சின்னதாக ஆக, நீண்ட காலம் இன்னும் நீளும். பலவீனமான மேசையைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலையாக இருப்பதன் காரணம் இங்கே இருக்கிறது.

இப்போது உங்கள் ஞாயிறுகளோடு ஒப்பிடுங்கள். வாரம் 100 கை என்றால் 10,000 கைக்குக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. ஒரு லட்சம் கைக்கு 19 ஆண்டு. நீங்கள் 100 கைக்கு ஜெயிக்கும் வேகத்தை முன்பின் ஒரு பிக் பிளைண்டுக்குள் துல்லியமாக அறிய 31 லட்சம் கை வேண்டும், அது 600 ஆண்டு ஆட்டம். வீட்டு மேசை லாப நட்டத்தால் தன் திறமையை அறியவே முடியாது என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு நாள் வலை வெறுமையாக வந்ததற்காக யாரும் படகை விற்பதில்லை. நம் மேசைகளில் மட்டும் நாலு ஞாயிறு தோற்றவர் ஆடும் முறையையே மாற்றிவிடுகிறார்.

8. இருப்பு எவ்வளவு தாங்கும்

கோவா கேசினோவுக்குப் போகிறவர்களும், நோட்டில் கற்பனை இருப்பு (ஆட ஒதுக்கிய மொத்தத் தொகை) வைத்து ஆடுகிறவர்களும் மட்டும் இதைப் பார்த்தால் போதும்.

திட்டவிலக்கத்தை வர்க்கப்படுத்துங்கள், 100 கை லாபத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள், 0.69-ஆல் பெருக்குங்கள். 90-க்கும் 5-க்கும் போட்டால் ஏறக்குறைய 560 பிக் பிளைண்ட். இருப்பில் ஒவ்வொரு 560-ஐச் சேர்க்கும்போதும் மொத்தமும் அழிந்துபோகும் வாய்ப்பு பாதியாகிறது. 560 இருந்தால் 50 சதவீதம், 1,120 இருந்தால் 25, 2,240 இருந்தால் 6 சதவீதத்தை ஒட்டி. லாபம் 2 மட்டும் என்றால் இந்த 560 என்ற எண் 1,400 ஆகிவிடும்.

லாபம் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் எந்த இருப்பும் போதாது. எப்போது தீரும் என்பதுதான் கேள்வி. மேசைக் கட்டணத்தை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுவது பெரிய தவறு. 100 கைக்கு 5 ஜெயிப்பவரிடம் கட்டணமாக 8 போனால் அவர் −3-இல் ஆடுகிறார். வேரியன்ஸ் அப்படியே இருப்பதால் அவருக்கும் நல்ல மாதங்கள் வரும்; அதனால்தான் தெரியாமலே இருந்துவிடுகிறார்.

9. முடிவை மறைத்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்

லாப நட்டம் பேசாது என்று ஆனபின் பார்க்க மீதி இருப்பது எடுத்த முடிவுகள் மட்டுமே. ஒரு நாளைக்கு மூன்று பெரிய கைகளை எழுதுங்கள்: யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், கையில் எவ்வளவு இருந்தது, ஒவ்வொரு சுற்றிலும் பாட் எவ்வளவு, யார் எவ்வளவு போட்டார். தொகைகள் இல்லாமல் எழுதிய கையை மறுபடி யோசிக்க முடியாது.

ஜெயித்த கைகளையும் சேர்த்து எழுதுங்கள். தோற்ற கைகளை மட்டும் ஆராய்கிறவர்கள் நன்றாக ஆடித் தோற்றதைத் திருத்தப் போய், மோசமாக ஆடி ஜெயித்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஐந்து ஞாயிறுக்கு ஒருமுறை, அந்தக் கையில் இல்லாத ஒருவரிடம் நோட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர் என்ன செய்வார், ஏன் என்பதைப் பென்சிலால் எழுதட்டும். எழுதி முடிக்கும்வரை ‘வந்தது’ பத்தியின் மேல் ஒரு ஸ்கேல் இருக்கட்டும், அதை அவர் அல்ல, நீங்கள்தான் எடுக்க வேண்டும்.